ஜெபமாலையில் என் பாதி

அண்ணன் கையிலிருக்கும் ஜெபமாலை கறுப்பு மணி. பழைய நூல் இற்றுப்போனதால் தூண்டில் நரம்பில் அவரே கோத்தது. முடிச்சுகள் கன்னாபின்னாவென்று இருக்கும். ஒரு காலத்தில் அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

காரணம், வள்ளம். நான் கொச்சியில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தபோது அப்பாவின் மீன்பிடி வள்ளத்தை அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். இராஜாக்கமங்கலத்துக்குத் திரும்பி வந்தால் கரையில் வள்ளம் இல்லை. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன். நாலு வருஷம், ஒரே வீட்டில்.

சாயங்கால ஜெபமாலையை மட்டும் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் "அருள் நிறைந்த மரியாயே" என்று முன்பாதியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பின்பாதியை முடிக்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை சொன்னால் ஒரு பத்து; மூன்றாவது பத்தில் முன்பாதி என் முறை. நான் வாய் திறக்காமல் இருந்தபோது மைனி, அண்ணன் மனைவி, சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசாண்டாம். செபத்தப் பாதியில தொங்க விட்டா மாதா யாரு மொகத்தப் பாப்பா?"

அந்தக் காலத்தில் மடத்துச் சாமிமார் பைபிளின் நூற்றைம்பது சங்கீதத்தையும் படித்துச் சொன்னார்களாம். எழுத்து தெரியாத சனம் அதற்கு ஈடாகக் கல்லையும் முடிச்சையும் எண்ணிச் செபித்ததாம். அப்படி வந்ததுதான் மாலை என்று எங்கள் கோயில் உபதேசியார் சொல்வார். எனக்கு அது பிடிக்கும். படித்தவன் கோபித்துக்கொண்டால் கடிதமாவது எழுதுவான். எங்களுக்கு மணிதான்.

மாலை அண்ணன் கையில் இருந்ததால் நான் வீம்புக்கு விரலை மடக்கி எண்ணுவேன். ஒருநாள் தப்பியது. கண்ணை மூடியபடியே அண்ணன் சொன்னார்: "போதும்ல, பதினொண்ணு ஆச்சு."

"கூட ஒண்ணு சொன்னா மாதா அடிச்சிருவாளோ?" என்றேன்.

மைனி சிரித்துவிட்டாள். அந்த நாலு வருஷத்தில் செபத்துக்கு வெளியே நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனில் உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. எழுதிக் காட்டவும் அவருக்கு எழுத்து தெரியாது. வள்ளத்தை ஏன் விற்றார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முட்டாள்தனம், வேறு பெயர் அதற்கு இல்லை.

இப்போது நான்தான் முன்பாதி சொல்கிறேன். மைனி பின்பாதியை முடித்த பிறகும் காத்திருப்பேன். அண்ணன் உதடு மெல்ல அசையும். அவர் பாதி முடிந்ததும் மணி நகரும். அதற்குப் பிறகுதான் அடுத்தது.

மூன்றாவது பத்தில் மட்டும் வேண்டுமென்றே பதினொன்று சொல்வேன். அண்ணன் கண்ணைத் திறக்க மாட்டார். மாலையின் சிலுவையால் என் முட்டியில் ஒரு தட்டு. வலிக்கும்படியே தட்டுவார்.