சிலோன் அலைக்குக் கிளம்பிய பரசுராமன்

சின்ன காஞ்சிபுரத்தில் பரசுராமன் அளவுக்கு ஊர் ஊராகப் போகத் திட்டம் போட்டவர் கிடையாது. பக்கத்து ஊரான வாலாஜாபாத்தைத் தாண்டாதவர்களிலும் அவர்தான் முதல் ஆள். காசிக்கு இரண்டு தடவை, பம்பாய்க்கு ஒரு தடவை, குற்றாலத்துக்கு எத்தனை தடவை என்று அவருக்கே நினைவில்லை. எந்த வண்டி, எங்கே மாறுவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எந்தக் கட்டுச்சோற்றை முதல் நாள் பிரிப்பது என்பதுவரை முடிவாகிவிடும். கிளம்ப வேண்டிய வாரத்தில் யோக்கியமான ஒரு காரணம் வந்து சேரும். காசிக்குப் பல்வலி வந்தது. பம்பாய்க்கு மச்சினன் கல்யாணம் வந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார் பரசுராமன். "ஆவட்டும், சோறு ஆறிப்போவுது" என்பாள் அவர் மனைவி அம்சா. பதினெட்டு வருஷமாக அந்தக் குடும்பம் இந்த இரண்டு பேச்சிலேயே சௌக்கியமாக நடந்துவந்தது.

அவருடைய தொழில் பட்டில் பசை எடுப்பது. புழு கக்கிய நூலில் ஒரு பிசின் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூல் சிட்டங்களை முக்கி, புரட்டி, அலசி அந்தப் பிசினைக் கழற்றினால்தான் நூல் மினுங்கும், சாயம் பிடிக்கும். பரசுராமன் கைபட்ட பட்டில் ஒரு பொட்டுப் பசை மிஞ்சியது என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்க வேண்டிய கர்வம்தான்.

எழுபத்துமூன்றாம் வருஷம் தை மாதத்தில் ராபின் என்ற ஆஸ்திரேலியாக்காரன் அந்தத் தெருவுக்கு வந்தான். பட்டுப்புடவை வாங்கிச் சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று வந்தவன், பரசுராமனின் கொதிநீர்க் கொப்பரைப் பக்கத்தில் மூன்று நாள் நின்று வேடிக்கை பார்த்தான். அவனோடு ஒன்பதடி நீளத்தில் ஒரு வெள்ளைப் பலகையும் வந்திருந்தது. வரதராஜப் பெருமாளுக்கு யாரோ புது வாகனம் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெருவில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பரசுராமனின் எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு எட்டியவரை விஷயம் இதுதான். அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போக வேண்டும். அலை வரும்போது அதன்மேல் எழுந்து நிற்க வேண்டும். அதற்கென்றே சிலோனில் அறுகம்பை என்று ஓர் இடம் இருக்கிறது. ராபின் முதலில் நேபாளத்து மலைகளைப் பார்க்கப் போகிறான். அதுவரை பலகை இவர் வீட்டில் இருக்கட்டும். ஆனி மாதம் இவரையும் சிலோனுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுகிறான்.

"கடல்மேல நின்னுக்கினு எங்க போறது?" என்று அம்சா கேட்டாள்.

"கரைக்குதான்."

"எங்க இருந்து?"

"கரையில இருந்து உள்ள போயி, அங்க இருந்து கரைக்கு வரணும்."

அம்சா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கரையிலேயே இருந்துக்கினா ஆவாதா?" என்றாள். பரசுராமன் அன்றைக்கே ரயில் அட்டவணையை எடுத்துவிட்டார்.

இந்தத் திட்டம் மற்றவற்றைப்போல இல்லை என்று தெருவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. பாஸ்போர்ட்டுக்காக அவர் நிஜமாகவே மெட்ராஸுக்கு நாலு தடவை போய்வந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதற்காகப் பயணம் என்று கேட்டபோது, "அலைமேல நிக்க" என்று உண்மையைச் சொன்னார். போலீஸ்காரர் பரசுராமனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு 'உறவினரைக் காண' என்று எழுதிக்கொண்டார்.

நீச்சல் தெரியாதது ஒரு குறை. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் இறங்கிப் பழகினார். ஆற்றில் தண்ணீர் இல்லை, அது பரசுராமனின் குற்றமில்லை. மணலில் குப்புறப் படுத்து ராபின் காட்டிய மாதிரி இரண்டு கையாலும் துழாவினார். மாடு ஓட்டிக்கொண்டு வந்த முனுசாமி என்ற விவசாயி இதை மூன்று நாள் பொறுத்துக்கொண்டார். நாலாம் நாள், "இன்னாபா இது, பாக்கவே சங்கடமா இருக்குது, எழுந்து வா" என்று தன் கிணற்றுக்கு இழுத்துப்போய், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கயிற்றில் இறக்கிவிட்டார். சித்திரை முடிவதற்குள் பரசுராமன் குடுக்கை இல்லாமலே மிதந்தார். நாற்பத்தொரு வயதில் மிதந்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. தனியாக இருக்கும்போது சிரித்துக்கொண்டார்.

வைகாசியில் ராபினிடமிருந்து கடிதம் வந்தது. அவன் நேபாளத்திலிருந்து பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் நேரே சிலோனுக்குப் போய்விட்டானாம். அறுகம்பையில் இருக்கிறானாம். பலகையை எடுத்துக்கொண்டு நீங்களே வந்துவிடுங்கள், அலை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். கூட்டிப்போக ஆள் இல்லை. இனி பரசுராமன் தானாகக் கிளம்பினால்தான் உண்டு. சாக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தெருவே எதிர்பார்த்தது. அவரோ ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸுக்குச் செங்கல்பட்டிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

அடுத்தவன் பொருளை அழுக்கோடு கொண்டுபோய்க் கொடுப்பதா? பலகையின் மேல்பக்கம் முழுக்கப் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. அதில் மணலும் தலைமுடியும் ஒட்டிக்கிடந்தன. இருபத்திரண்டு வருஷம் பசை எடுத்த கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அரை நாள் வெந்நீரும் சோப்பும் சோடாவும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துவைக்கிற கல்மேல் சாய்த்து அலசினார். சாயங்காலம் அம்சா அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். இந்த வேலைக்கு ராபின் மலைத்துப்போவான் என்று பரசுராமன் உறுதியாக நம்பினார்.

பயணத்துக்கு நாலு நாள் முன்னால் ஒத்திகை பார்ப்பது என்று ஏற்பாடு. மூன்று பஸ் மாறி, பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு, புருஷனும் பெண்சாதியும் மெட்ராஸுக்குத் தெற்கே இருக்கிற கோவளம் போய்ச் சேர்ந்தார்கள். கடலைப் பார்த்ததும் அம்சா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஞாபகம் வந்து விட்டுவிட்டாள்.

முதல் தடவை பரசுராமன் பலகைமேல் கால் வைத்தார், கால் வழுக்கியது. இரண்டாம் தடவை படுத்தார், பலகை அவரை விட்டுவிட்டுத் தனியாகக் கரைக்கு வந்தது. மொத்தம் பதினோரு தடவை. வலை உலர்த்திக்கொண்டிருந்த தாவீது என்ற மீனவர் கடைசியில் எழுந்து வந்து பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கண்ணாடி மாதிரி வெச்சிக்கிற? இதும்மேல ஈ கூட நிக்காதே. எங்க கட்டுமரத்தப் பாரு, சொரசொரன்னு இருக்குது. இது கடையில வாங்கும்போதே இப்படியா?"

"இல்லபா. மேல பசை இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"எத்தினி பசை?"

"பூரா பசையும்."

தாவீது பலகையை இன்னொரு தடவை தடவினார். "அந்தப் பசைமேலதான்யா கால் நிக்கும்" என்றார்.

பரசுராமன் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் தனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதை வைத்தே காரியத்தைக் கெடுத்தாயிற்று. ராபின் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கமாக இருந்தது, அழுதுவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது. அப்போது, இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அம்சா."

சோறு ஆறுகிறது என்று சொல்ல அங்கே சோறு இல்லை. அம்சா நின்றபடியே அவரைப் பார்த்தாள்.

"இந்தாய்யா. காசிக்கு நீ போவலன்னு நான் சந்தோஷப்பட்டேன். பம்பாய்க்கும்தான். உன்ன விட்டுட்டு இருக்க எனக்கு பயம். ஆனா இத்த விட்டீனா, இன்னும் பதினெட்டு வருஷம் நீ இந்த மணல்லியே உக்காந்துக்கினு இருப்பே. அத்தப் பாக்க என்னால ஆவாது." பிறகு தாவீதிடம் திரும்பினாள். "அண்ணே, அந்தப் பசை மெழுகு மாதிரி இருந்துச்சு. துவைக்கிற கல்லுல இன்னும் ஒட்டிக்கினு இருக்குது. நகத்தால சொரண்டிப் பாத்தேன், மெழுகுதான்."

தாவீது மாதா கோயிலுக்குப் போய், எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு முண்டாசுத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். அம்சா முந்தானையைச் செருகிக்கொண்டு பலகைமேல் குந்தி, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தேய்த்தாள். பரசுராமன் பார்த்துக்கொண்டிருந்தார். பசை எடுப்பதைவிடப் பசை வைப்பது கஷ்டமான வேலை என்று அவருக்குத் தோன்றியது.

பன்னிரண்டாவது தடவை தாவீது பின்னால் நின்று தள்ளிவிட, அலை பலகையைத் தூக்கியது. பரசுராமன் நின்றார் என்று சொல்ல முடியாது. முட்டி போட்டார். ஒருவர் தன் பேரையும் தகப்பனார் பேரையும் சொல்லி முடிக்கிற நேரம் முட்டி போட்டபடியே வந்தார். கரையில் அம்சா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம், செங்கல்பட்டு ஸ்டேஷன். பலகையைக் கார்டு பெட்டியில் ஏற்றியாயிற்று. பரசுராமன் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை ஒப்பித்தார். ராமேஸ்வரத்தில் எத்தனை மணிக்குக் கப்பல், தலைமன்னாரில் எந்த ரயில், மட்டக்களப்பில் எந்த பஸ், பஸ் கிடைக்காவிட்டால் வேறு என்ன வழி. அம்சா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விசில் ஊதியது. வண்டி அசைந்தது.

"போயிட்டு வரேன், அம்சா."

இவருக்கு விடைகொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வண்டி வேகமெடுத்ததும் ஓடினாள்.

"எப்ப வருவே?"

பரசுராமன் வாயைத் திறந்தார். எந்த வண்டி, எந்தக் கிழமை? அவர் போட்ட எந்தத் திட்டமும் போய்ச் சேர்வதோடு முடிந்துவிடும். திரும்பி வருவதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் இதுவரை வந்ததே இல்லை.

"தெரியலியே, அம்சா!" என்று கத்தினார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை. பிளாட்பாரத்தின் முனையில் நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தது, வண்டி வளைவில் திரும்பும்வரை அவருக்குத் தெரிந்தது.