என் ஓரகத்தியின் தொந்திச் சுருட்டு

சுருட்டுக் கூடத்தில் என் ஓரகத்தியைத் தொந்தி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பேரைக் கேட்டு ஒரு பெரிய உருவத்தைத் தேடுவார்கள். துடைப்பக்குச்சி மாதிரி ஒருத்தி எழுந்து நின்று "நான்தான்" என்பாள். "துணியைக் கொடியில காயப்போட்டாலும் நான் உடுத்தியிருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தொந்தி இருந்தது அவளுக்கு இல்லை, அவள் சுற்றும் சுருட்டுக்கு.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு பலகைச் சுவர். அவள் பேச்சுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. பல் விளக்கும்போது நுரையோடு பேசுவாள். உலை கொதிக்காவிட்டால் அடுப்போடு பேசுவாள். தூக்கத்திலும் பேசுவாள், அதிலும் நடுவில் நிறுத்தி, "கேக்கிறியா?" என்பாள். அவள் கணவர் வாயே திறக்கமாட்டார். "உங்க அண்ணன் ஏன் பேசறதே இல்லை?" என்று ஒருநாள் என் கணவரைக் கேட்டேன். "அவரோட முறை இன்னும் வரலை" என்றார்.

நானும் அதிகம் பேசாதவள். அதனாலேயே கூடத்தில் என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். என் வேலை இரண்டு. ஒன்று சுருட்டுச் சுற்றுவது. இன்னொன்று அவளுக்கு 'உம்' கொட்டுவது.

கூடம் நீளமானது. ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும். இலை காய்ந்து நொறுங்காமல் இருக்கத் தரையில் ஈரச்சாக்கு விரித்திருப்பார்கள். நீள மேசையில் ஆளுக்கு ஒரு பலகை, ஒரு வளைந்த கத்தி, ஒரு கிண்ணம் பசை. உள்ளே நிரப்ப ஓர் இலை, அதைக் கட்டிப் பிடிக்க ஓர் இலை, மேலே போர்த்த வழுவழுப்பான ஓர் இலை. எல்லோருக்கும் சுருட்டு பென்சில் மாதிரி நேராக வரும். அவளுக்கு மட்டும் ஒல்லியாக ஆரம்பித்து, நடுவில் உப்பி, மறுபடியும் ஒல்லியாக முடியும். எலியை விழுங்கின பாம்பு மாதிரி இருக்கும்.

மேஸ்திரி திட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். மர அச்சைக் கொடுத்து அதற்குள் வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். அச்சு விரிந்துபோனது. பெரிய முதலாளி அவளை நிறுத்திவிடலாம் என்று இருந்த சமயத்தில், கழித்துப்போட்ட குவியலை ஒரு கடைக்காரர் தெரியாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து, "அந்தத் தொந்திச் சுருட்டு இன்னும் இருக்கா? ஆளுங்க அதையே கேக்கிறாங்க" என்றார். அன்றிலிருந்து மேசையின் ஒரு மூலை அவளுக்கென்று ஆனது. எவ்வளவோ வருஷம் அந்த மூலையிலிருந்து பேச்சும் தொந்தியும் வந்துகொண்டே இருந்தன.

பிறகு பெரிய முதலாளிக்கு முட்டி வலி வந்து, அவர் மகள் பொறுப்பேற்றுக்கொண்டார். நல்ல பெண். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். ஒழுங்கு என்றால் உயிர். வந்த மாதமே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இலை ஒண்ணு, பக்குவம் ஒண்ணு. வடிவம் மட்டும் ஏன் ரெண்டு? தொந்திக்குத் தனிப் பெட்டி, தனி அளவு, எல்லாமே தனியா வேண்டியிருக்கு. வடிவம் கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்லை. இனிமே எல்லாம் நேர்ச் சுருட்டு."

"அப்ப நான்?" என்றாள் ஓரகத்தி.

"நேரா சுத்த வந்தா இங்கேயே இருங்க. வரலேன்னா கிடங்குல இலை புரட்டுற வேலை இருக்கு."

கிடங்கு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. இலைக்கட்டுகள் வியர்த்துக்கொண்டு கிடக்கும். ஒரே ஓர் ஆள் போய்ப் புரட்டிப் புரட்டி வைக்கவேண்டும். சம்பளம் ஒன்றுதான். ஆனால் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தால் அவளை நாடு கடத்துகிறார்கள் என்று நினைப்பீர்கள்.

"அங்க யாரும்மா எனக்கு உம் கொட்டுவாங்க?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

உடனே கூடம் இரண்டாகப் பிரிந்தது. "வடிவத்துல ஒண்ணும் இல்லை. உள்ளே போனா எல்லாம் புகைதான்" என்றது ஒரு பக்கம். "ஒரே பாலைத் தட்டுல ஊத்திக் குடிக்கிறதும் டம்ளர்ல குடிக்கிறதும் ஒண்ணாடி?" என்றது இன்னொரு பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால் எங்களில் ஒருத்திகூடச் சுருட்டுப் பிடிப்பதில்லை.

ஓரகத்தி மேசையைத் தட்டினாள். "கண்ணைக் கட்டிவிட்டுச் சுருட்டைப் பிடிக்கச் சொல்லுங்கம்மா. வித்தியாசம் தெரியலேன்னா நானே கிடங்குக்குப் போயிடறேன். கதவையும் நானே சாத்திக்கிறேன்."

சின்ன முதலாளியம்மா சிரித்துவிட்டார். "சரி, பாத்துடலாம். தெரிஞ்சா தொந்தி இருக்கட்டும். ஆனா சோதனைச் சுருட்டை என் கண் முன்னால சுத்தணும். எல்லாத்துக்கும் ஒரே கட்டு இலை. அப்புறம் முக்கியமா, சுத்தும்போது பேச்சு கூடாது."

சோதனை நாள் வந்தது. இலைக்கட்டைப் பிரித்து வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஈ பறந்தால் கேட்கும், அப்படி ஓர் அமைதி. ஓரகத்தி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு சுற்றினாள். முடித்துப் பலகையில் வைத்தாள்.

நேராக இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்று சுற்றினாள். அதுவும் நேர். மூன்றாவது, அளவுகோல் வைத்துக் கோடு போடலாம் போல நேர். மேஸ்திரி கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இத்தனை வருஷம்... இத்தனை வருஷம்..." என்றார்.

ஓரகத்தி அந்தச் சுருட்டுகளை யாரோ தன் மடியில் வைத்துவிட்டுப் போன பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஐயோ, உங்களுக்கு நேரா வருதே!" என்றார் முதலாளியம்மா, உண்மையான சந்தோஷத்தோடு. "அப்ப கிடங்கே வேண்டாம். இங்கேயே இருங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டா போதும்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்குமாம்மா?"

"ஆமா."

"தினமுமா?"

"ஆமா."

கிடங்கே மேல் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. அங்கே இலைக்கட்டோடாவது பேசலாம்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அவள் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு கதை ஆரம்பிக்கும்போது ஒரு சுருட்டு ஆரம்பிப்பாள். கதை மெதுவாகப் போகும்போது இலையைக் கொஞ்சமாக வைப்பாள். சூடு பிடிக்கும் இடத்தில் கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு, கை தானாக இன்னொரு துண்டு இலையை எடுத்து நடுவில் திணிக்கும். இன்னும் சூடு பிடித்தால் இன்னொன்று. கதை முடியும்போது கையும் அடங்கிவிடும். கதை இல்லையென்றால் தொந்தி எங்கிருந்து வரும்?

இதை எழுந்து நின்று விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளைப் பேசவைக்கவேண்டும், அவ்வளவுதான். என்ன சொல்வது என்று யோசித்தேன். எதிரே மேஸ்திரி நின்றிருந்தார். குனிந்து அவள் காதில், "அக்கா, மேஸ்திரி தலையில இருக்கிறது சொந்த முடி இல்லையாமே?" என்றேன்.

காதில் சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்த அமைதியில் அது கூடத்துக் கடைசிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. மேஸ்திரியின் கை தலைக்குப் போனது. அது நான் அந்த நிமிஷம் இட்டுக்கட்டியது. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓரகத்திக்குத் தெரிந்திருந்தது!

"அடியே, அதையா கேக்கிற?" என்று என் பக்கம் திரும்பினாள். கை இலையை எடுத்தது. "அன்னிக்கு இவரும் நானும் ஒரே பஸ்ல வர்றோம். இவரு ஜன்னலோரம். நான் பின்னால நின்னுக்கிட்டு..."

"பேசக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்த முதலாளியம்மா பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கண்ணும் மேஸ்திரியின் தலைக்குப் போய்விட்டது.

"...காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து! திடீர்னு இவரு தலையிலேர்ந்து கறுப்பா ஒண்ணு எழுந்திரிச்சுது. அப்படியே பறந்து போய்..." ஒரு துண்டு இலை உள்ளே போனது. "...பின் சீட்டுல ஒரு அம்மா கூடையை மடியில வைச்சுக்கிட்டுத் தூங்கிட்டு இருந்துச்சு பாரு, நேரா அந்தக் கூடைக்குள்ள!" இன்னொரு துண்டு. "அந்தம்மா முழிச்சுப் பாத்துட்டு, பூனைக்குட்டின்னு நினைச்சு மெதுவாத் தடவிக் கொடுக்குது!" இரண்டு துண்டு சேர்ந்து போனது.

"பூனைக்குட்டின்னு யாரும் தடவலை! சும்மா எடுத்துக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்!" என்று மேஸ்திரி கத்தினார். கத்திய பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

கூடம் வெடித்தது. பசைக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரச்சாக்கிலேயே உட்கார்ந்தவர்கள் உண்டு. ஓரகத்தி குரலைத் தாழ்த்தி, "அப்புறம் இவரு அதைத் தலைகீழா மாட்டிக்கிட்டு இறங்கிப் போனாரு" என்று முடித்து, நுனியைத் திருகி ஒட்டி, பலகையில் வைத்தாள். உருண்டு திரண்ட தொந்தி.

முதலாளியம்மா முந்தைய நேர்ச் சுருட்டையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "பிடிக்கிறவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

வாசல் காவல்காரரும் இலை ஏற்றிவரும் லாரிக்காரரும் வந்தார்கள். கண்ணைக் கட்டினோம். லாரிக்காரர் சுருட்டை வாயில் வைத்ததுமே, "இது தொந்தி" என்றார்.

"இன்னும் பத்தவைக்கவே இல்லையே!"

"கண்ணைத்தானே கட்டினீங்க? உதடு முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கு?"

அதுவும் சரிதான். பெட்டி செய்யும் தச்சரிடமிருந்து இரண்டு சின்ன மரக்குழல் வாங்கிவந்து சுருட்டை அதில் செருகினோம். கைக்கும் வாய்க்கும் குழல் மட்டும்தான் தெரியும். காவல்காரருக்கு நேர்ச் சுருட்டு, லாரிக்காரருக்குத் தொந்தி. யாருக்கு எது என்று இருவருக்கும் சொல்லவில்லை.

காவல்காரர் இழுத்தார். "நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் நல்லா இருக்கு" என்றார். அதற்குப் பிறகும் அதேதான்.

லாரிக்காரர் இழுத்தார். "எடுத்ததுமே சுருக்குன்னு இருக்கே!" இழுத்துக்கொண்டே இருந்தார். நெருப்பு உப்பின பகுதிக்கு வந்தது. அவர் புருவம் கட்டுத்துணிக்கு மேலே ஏறியது. "யாரு மாத்தினது?"

"யாரும் மாத்தலைங்க."

"பொய் சொல்லாதீங்க. முதல்ல குடுத்தது காரம். இது சூடே இல்லாம, மெத்து மெத்துன்னு வருது. இது வேற சுருட்டு!"

ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். நசுக்கினாள் என்று சொல்லவேண்டும். நெருப்பு மறு நுனியின் ஒல்லிப் பக்கம் வந்தபோது லாரிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"திரும்பவும் மாத்திட்டீங்க! இது நெஞ்சு வரைக்கும் பிடிக்குது. ஒரு மனுஷன் கண்ணைக் கட்டிட்டு இப்படியா விளையாடுவீங்க?"

கண்கட்டை அவிழ்த்துக் காட்டினோம். கையில் இருந்த ஒரே சுருட்டின் கட்டையைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். அதற்குள் கூடம் முழுக்கப் புகை. புகை பிடித்தே பழகாத எங்களுக்குத் தலை சுற்றியது. காரணமே இல்லாமல் ஒருத்தி சிரிக்க, அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரிக்க, முதலாளியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆள் மாற்றிக் கொடுத்தும் பார்த்தோம். இந்தத் தடவை காவல்காரர், "யாரு மாத்தினது?" என்றார்.

"சரி, ரெண்டுல எது நல்லது?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"நேர்தாம்மா. அது சொன்ன பேச்சு மாறாது" என்றார் காவல்காரர்.

"போய்யா! நாள் பூரா நேர் ரோட்டுல ஓட்டுறவனைக் கேளு. நாலு வளைவு இருந்தாத்தான் ஆளுக்கு உயிரே வரும். எனக்குத் தொந்திதான்" என்றார் லாரிக்காரர்.

இருவருக்கும் சண்டை மூண்டது. முதலாளியம்மா கையை உயர்த்தினார். "இலை ஒண்ணுதான், தரமும் ஒண்ணுதான். அதுல நான் சொன்னது சரி. ஆனா பிடிக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை. அதுல நீங்க சொன்னது சரி. தொந்தி இருக்கட்டும்." ஓரகத்தியைப் பார்த்தார். "நீங்களும் அந்த மூலையிலேயே இருங்க."

"வாயைத் திறந்துக்கிட்டாம்மா?"

"திறந்துக்கிட்டுத்தான். மேஸ்திரியை மட்டும் கொஞ்சம் விட்டுடுங்க."

"அவரை விட்டா மூலதனத்துக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றாள் அவள். மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று பிற்பகல் அவள் பேசிய பேச்சு! காலையில் நடந்ததை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே முதலிலிருந்து சொன்னாள். லாரிக்காரரைப் போல எழுந்து நின்று காட்டினாள். புருவம் ஏறியதைக் காட்டினாள். கை மட்டும் நிற்கவே இல்லை. இலையை எடுப்பதும் திணிப்பதும் திணிப்பதுமாக இருந்தது. உம் கொட்டிக் கொட்டி என் தொண்டை வறண்டுபோனது.

சாயங்காலம் முதலாளியம்மா வந்து அவள் பலகையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். ஒரு கைக்கு அடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சுரைக்காயைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது?"

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"அது வந்தும்மா, இன்னிக்குக் கதை நல்லா அமைஞ்சுடுச்சு" என்றாள்.