வேடியப்பன் கல்லில் வைத்த தழை

என் வீட்டுக்காரர் எங்கள் ஊரை முதன்முதலாகப் பார்க்க வந்தது ஒரு மார்கழியில். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கணக்கு வைத்துக்கொண்டா வாழ்ந்தோம்? கல்யாணம் அவர்கள் ஊரில், போச்சம்பள்ளிப் பக்கத்தில் நடந்தது. எங்கள் ஊர் ஜவளகிரிக்கு அந்தப் பக்கம், காட்டோரம். அங்கே அப்பாவுக்குக் கொஞ்சம் ராகிக் கொல்லை, ஒரு கிணறு, சில மாடுகள். பிள்ளை என்று நான் ஒருத்திதான். அப்பாவுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. மாப்பிள்ளை வந்து எங்களோடு இருந்தால் பயிர் வைக்கலாம், இல்லாவிட்டால் நிலத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் அவர்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. நிலத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கத்தான் இடம் வரும். அப்படியும் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று அவருக்குப் பயம். "ஒருக்கா வந்து பாக்கறேன். புடிக்கலைன்னா அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் அந்தக் காட்டோரத்தில் தனியாகக் கிடந்து மூப்படைவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அதனால் வழியெல்லாம் நான் பெண்ணைப் பெற்றவள் மாதிரி ஆகிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். பஸ் ராயக்கோட்டையைத் தாண்டும்போது மலையைக் காட்டினேன்.

"மேல பாருங்க, மதிலு தெரியுதா? அந்தக் காலத்து ராஜாங்க சண்டை போட்ட கோட்டை."

"யாரு ஜெயிச்சாங்க?"

"அது தெரியாது."

"பின்ன என்னாத்துக்குக் காட்டறே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரி தேன்கனிக்கோட்டையில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம். பனி மூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. போச்சம்பள்ளி வெயிலில் வளர்ந்த உடம்பு, பாவம், அவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. நான் கொண்டுவந்திருந்த கம்பளியை நீட்டினேன். மூக்கைச் சுளித்தார். "ஆட்டு நாத்தம் அடிக்குது. நீயே போத்திக்க." துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டே நடந்தார். வீம்பு!

வெயில் ஏறியதும் கொல்லைகள் தெரிந்தன. அறுத்த ராகி போர் போராகக் குவிந்திருந்தது; வரப்பெல்லாம் அவரை பூத்துக் காய்த்திருந்தது. அந்தக் காயைக் கையால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், வாசனை நாள் முழுக்கப் போகாது. ஒன்றைப் பறித்து அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், கீழே போடவில்லை. ஒரு கிணற்றடியில் ஒருத்தி தெலுங்கில் எந்த ஊர் என்று கேட்டாள். அவள் பக்கத்தில் நின்றவள் அதையே கன்னடத்தில் கேட்டாள். "இங்க யாரும் தமிழ் பேச மாட்டாங்களா?" என்றார். "கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா அதுவும் வரும்" என்றேன். வந்தது. கிளம்பும்போது இருவரும் சேர்ந்து "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்கள். அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

சின்னாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். உள்ளே கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கால் வைத்ததும் "ஐயோ அம்மா" என்று கத்தினார். கத்தியவர் நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "எங்கூர்ல ஏரியில தண்ணி நின்னு பாத்திருக்கேன், இப்பிடி ஓடிப் பாத்ததில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு ஊரை ஒருவருக்கு வாயால் சொல்லிப் பிடிக்கவைக்க முடியாது என்று அந்தக் கரையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான் எதற்கு?

ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காடு தொடங்கும். தொடங்குகிற இடத்தில் வேடியப்பன் கல் இருக்கிறது. இடுப்புயரப் பலகைக்கல்லில் வில் பிடித்த ஒரு ஆள், காலடியில் மாடு. யாரோ ஒருவன் மாட்டை மீட்கப் போய்ச் செத்திருக்கிறான். அவன் பேர் போய்விட்டது, கல் நிற்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு கொத்துத் தழையை ஒடித்து அந்தக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாமிக்கு வைப்பதுதான். ஆனால் பின்னால் வருகிறவனுக்கு அதுதான் தாக்கல், அதுதான் சேதி. பச்சைத் தழை இருந்தால் முன்னால் ஆள் போயிருக்கிறது, வாடியிருந்தால் நேற்றுப் போனவர்கள், ஒன்றும் இல்லையென்றால் காட்டுக்குள் யாரும் போகவில்லை. அங்கே பிறந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நாங்களும் யாருக்கும் சொன்னதில்லை.

அப்பா எங்களைக் கூட்டிப்போக அந்தக் கல்வரை வருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது அவர் வந்திருக்கவில்லை. காத்திருப்பானேன் என்று, என் வீட்டுக்காரர் காட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது புங்கந்தழை இரண்டு கொத்து ஒடித்து, அவருக்கு ஒன்று எனக்கு ஒன்றாக வைத்தேன். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள ஓடைக்கு இறங்கினேன். மொண்டுகொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தேன். "இந்தப் பக்கம் எறங்கி வாங்க, ஓடை வழியா போலாம், அழகா இருக்கும்." வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

ஓடை வழி உண்மையிலேயே அழகுதான். இரண்டு பக்கமும் மூங்கில் தலை சாய்த்துக்கொண்டிருக்கும், வெயில் பொட்டுப் பொட்டாக விழும். ஓரிடத்தில் யானைச் சாணி கிடந்தது.

"பழசுங்க, பயப்படாதீங்க."

"பழசுல ஆவி பறக்குமா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீடு போய்ச் சேரும்வரை பேசவில்லை.

வாசலில் அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்தாள். "அப்பாவப் பாக்கலியா? வண்டிப் பாதையில போனாரே!" ஓடை வழியாக வந்தோம் என்றேன். "சரி விடு, தழையப் பாத்துட்டுத் திரும்பிடுவாரு" என்று களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

பொழுது மேற்கே இறங்கியது. அப்பா வரவில்லை. அம்மா படலைத் திறப்பதும் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து இவர் பெருமையாக ஆரம்பித்தார். "அந்த வேடியப்பன் கல்லு ஒரே குப்பையா கெடந்துச்சு அத்தை. எங்கூர்ல சாமி கல்லு கண்ணாடியாட்டம் இருக்கும். நல்லா கூட்டித் தள்ளிட்டு, எங்கம்மா குடுத்து உட்ட குங்குமத்த வச்சுட்டு வந்தேன்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ!

"அட பாவி மனுஷா! குப்பையா அது? நாம உள்ள வந்துட்டோம்னு சொல்ற தழைங்க அது! தழை இல்லைன்னா நாம வரலைன்னு அப்பா அங்கயே உக்காந்திருப்பாரு. பொழுது போனா அவருக்குக் கண்ணு தெரியாதுங்க!"

அவர் முகம் செத்துப்போயிற்று. அதே நேரம் பக்கத்துக் கொல்லைக்காரர் படலுக்கு வெளியே நின்று "ஆனெ பந்திதெ" என்று கத்தினார். யானை வந்திருக்கிறது என்பது புரிய என் வீட்டுக்காரருக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எங்கள் முகமே போதும். மூலையில் கிடந்த தடியை எடுத்துக்கொண்டு "எந்த வழி?" என்றார். கொல்லைக்காரர் பந்தத்தையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு கூட வந்தார். நானும் போனேன். போகாமல் இருப்பேனா?

வண்டிப் பாதையில் தகரத்தை அடித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனோம். காலையில் சாணியைப் பார்த்து வாயடைத்துப்போன மனுஷன் எல்லோருக்கும் முன்னால் போனார். "மாமா! மாமா!" என்று அவர் போட்ட சத்தத்தில் குரல் கிழிந்துவிட்டது.

காடு முடிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. அப்பா வேடியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் எங்களுக்காகக் கட்டிக்கொண்டு வந்த சோத்து மூட்டை, முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது.

"யாரு?" என்று சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நாந்தான் மாமா."

"மாப்பிள்ளைங்களா? இப்பத்தான் வர்றீங்களா?"

"மத்தியானமே வந்துட்டோம் மாமா. தழையெல்லாம் நாந்தான் தெரியாம கூட்டித் தள்ளிட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார். "அதானா! குங்குமம் இருக்குது, ஒரு தழை இல்ல. எவனோ கும்புட்டுட்டு இப்பிடியே திரும்பிட்டான்னு நெனச்சேன். மாப்பிள்ளைக்கு வர மனசில்ல போலிருக்குது, சரி, அவர் மேல தப்பில்லன்னு சொல்லிக்கிட்டேன்."

"அப்ப வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதானே? இங்கயே உக்காந்திருந்தா என்னா அர்த்தம்?" என்று சீறினேன்.

"எப்பிடி பாப்பா திரும்பறது? உங்கம்மா விடியறதுக்கு முன்ன இருந்து அவரைக்கொட்டை உரிச்சுக்கிட்டு இருந்தா. தனியா போயி அவகிட்ட என்னான்னு சொல்றது? யோசிச்சுக்கிட்டே இருந்தேன், கண்ணு மங்கிடுச்சு."

எனக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதேன்.

என் வீட்டுக்காரர் புங்கமரத்தடிக்குப் போனார். ஒரே ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து கல்லடியில் வைத்தார். "எல்லாரும் ஒண்ணாத்தானே போறோம், இப்ப யாருக்குங்க இது?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தழையைத் தொடவைத்தார்.

"நான் வந்துட்டேன் மாமா. இருக்கத்தான் வந்திருக்கேன்."

அப்பாவின் கை தழையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு துழாவி எழுந்து, தன் கம்பளியைக் கழற்றி, மாப்பிள்ளையின் தோள் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துப் போர்த்திவிட்டார். அவர் மூக்கைச் சுளித்தார், பந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.