இரவல் சோபா

வசதி குறைந்த கம்பஸ் மாணவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் பர்சரிப் பணத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். குடும்ப நிலைமையைப் பார்க்கக் கிராம சேவகர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். கஹவத்தைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மா பால் வெட்டித்தான் அடுப்பு எரிகிறது.

"கிராம சேவகர் மாத்தயாவ இந்தப் பழைய கதிரையிலயா உக்கார வைக்கிறது?" என்று அம்மா பதறினார். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சோபா வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள் வந்தன. எங்கள் லயத்தில் யார் வீட்டுக்குப் பெரிய ஆள் வந்தாலும் இப்படித்தான், எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டைச் சோடிப்பார்கள்.

சேவகர் சோபாவில் சாய்ந்து, கேக் தின்று, சுற்றிலும் பார்த்தார். "ஹொந்தட இன்னவனே" என்றார். நல்லாத்தானே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பாராட்டு என்று நினைத்து அம்மா பூரித்துப் போனார். அந்த முகத்துக்கு முன்னால் எல்லாமே இரவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வசதியான குடும்பம் என்று பர்சரியை மறுத்துவிட்டார்கள்.

மேன்முறையீடு செய்தேன். அவர் மறுபடியும் வருவதாக இருந்தது.

"நம்ம கதிரையையும் ஒளிச்சு வைங்கம்மா. தேத்தண்ணியும் குடுக்காதீங்க."

"வீட்டுக்கு வந்தவர நிக்க வச்சா பேசுறது?"

"ஆமா."

சேவகர் நின்றபடியே பார்த்தார், நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

பர்சரி இப்போது ஒழுங்காக வருகிறது. வருடா வருடம் அவர் வந்து பார்க்க வேண்டும். நான் சொல்லாமலே அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறார். வந்தவரை நிற்க வைக்கத் தெரியாத என் அம்மாவுக்கு அதைப் பழக்கிவிட்டுத்தான் நான் கம்பஸ் படிக்கிறேன்.