கோணேசன் போகாத பாலைவனம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் கோணேசனின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. வாசலில், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி, பழைய வெள்ளைக் கரவன் ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம். துணி ஆலையில் கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் அதை அவர் தலையில் கட்டிவிட்டார். "இழுத்து ஓடிப் பழக வேண்டாமோ?" என்பார் கோணேசன். பழகுவது ஆஸ்திரேலியாவில் ஓட.

அங்கே கதிர்காமு இருந்தார். திருகோணமலையில் ஒரே வாங்கில் இருந்து படித்த இருவரில், சண்டை துரத்தியபோது ஒருவர் டென்மார்க்கில் வந்து விழுந்தார், மற்றவர் அடிலெய்டில். சுரங்கங்களில் வீடு மாதிரி லொறிகளை ஓட்டி ஓய்வு பெற்ற கதிர்காமு, மனைவி காலமான பிறகு தானும் ஒரு கரவன் வாங்கினார். அதில் இருவருமாக வடக்கே, செம்மண் பாலைவனத்தை ஊடறுத்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போவதென்று ஏற்பாடு. வழியெல்லாம் சுரங்க ஊர்கள். வெயிலுக்குப் பயந்து சனம் நிலத்துக்குக் கீழே வீடு குடைந்திருக்கும் கூபர் பீடியில் ஒரு கிழமை தங்கல். அந்தப் பாதையில் எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதெல்லாம் கோணேசனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தப் பொட்டல்மேல் ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வாழ்நாளில் பாதியை மழைக்கோட்டுக்குள் கழித்த மனிதருக்கு, மரமே இல்லாத சிவப்பு நிலத்தில் நண்பனோடு சும்மா கிடக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துக் கிட்னி இரண்டும் காலை வாரிவிட்டன. ஒன்றுவிட்ட ஒருநாள் காலையில் போய் டயாலிசிஸ் கதிரையில் சாய வேண்டும். வார இறுதியில் மட்டும் ஒருநாள் கூடுதலாகக் கிடைக்கும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வந்துவிட்டது.

மகள் நிறோஷினிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மனைவி விமலராணி வாய்ப்பூட்டுப் போட்டார். "கலியாணம் முடியுமட்டும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ. பரம்பரை வருத்தமெண்டு கதை கட்டிப் போடுவினம்."

எங்கள் சனம் அப்படித்தான். நகை வாங்கினால் ஊருக்கே தெரிய வேண்டும்; நோய் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியக்கூடாது.

கல்யாணப் பேச்சோடு சம்பந்தமில்லாமல் அத்தனை தூரத்தில் இருக்கும் கதிர்காமுவுக்குச் சொல்ல விமலராணிகூடத் தடை சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் கோணேசன் சொல்லவில்லை. சொன்னால் பயணம் செத்துவிடும். "வாற வருசம், மச்சான்" என்று சொல்லும்வரை அது உயிரோடு இருந்தது. அங்கே கதிர்காமுவும் ஒவ்வொரு வருடமும் கரவனைக் கழுவித் துடைத்து, மறுபடி மூடி வைத்தார்.

இந்தக் கோடையில் கோணேசனுக்குப் பொறுக்கவில்லை. டென்மார்க்கின் வடக்கு முனையில் ரோபியர்க் என்றொரு மணல்வெளி உண்டு. காற்றோடு நகர்ந்துகொண்டே இருப்பது. பெரிய பாலைவனம் இல்லையென்றால் இதையாவது பார்ப்போம், அதன் ஓரத்தில் கரவனில் ஒரு இரவாவது படுப்போம் என்று சனிக்கிழமை புறப்பட்டார்.

விமலராணிக்குச் சும்மா போகத் தெரியுமா? வழியில் ரண்டர்ஸில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை தவமலரைப் போனில் கூப்பிட்டு, "தேத்தண்ணிக்கு மட்டும் ஒருக்கா எட்டிப் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணிக்கு மட்டும் என்றால் ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், எலும்புச் சூப் என்று அர்த்தம். தேத்தண்ணி வந்தது, சோடா வந்தது, சூப் வந்தது. கோணேசன் கோப்பையைத் தள்ளி வைக்க வைக்கத் தவமலரின் முகம் சுருங்கியது.

"ஏன் அத்தான், எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டியளோ?"

உண்மையைச் சொல்ல முடியாத மனிதர் என்ன செய்வார்? குடித்தார். குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். புறப்படுவோம் என்று எழும்பியபோது தவமலர் மறித்தாள். "வீடு இருக்கேக்க ரோட்டில நிக்கிற வண்டிக்குள்ள படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?" கரவன் வாசலில் நிற்க, இருவரும் அந்த வீட்டுக் கட்டிலில் படுத்தார்கள்.

காலையில் கால்கள் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. நாலு எட்டு வைக்க மூச்சு வாங்கியது. தவமலர் கோப்பியோடு வந்து நின்றாள்.

"வேண்டாம், பிள்ளை," என்றார் கோணேசன். "என்ர கிட்னி ரெண்டும் பழுதாப் போட்டுது."

விமலராணி தலையில் கை வைத்தார். தவமலர் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். "தெரிஞ்சிருந்தா அந்தச் சூப்பை ஊத்தியிருப்பனோ, அத்தான்? என்ர கையால நஞ்சைத் தந்திட்டனே!" என்று விம்மினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தபோது உடனே வரச் சொன்னார்கள். கரவனை அங்கேயே விட்டு, தவமலரின் கணவர் காரில் கொண்டுபோனார். மணல்வெளி வடக்கே தன்பாட்டில் கிடந்தது.

அன்றைக்குக் கதிரையில் சாய்ந்தபடியே கோணேசன் கதிர்காமுவை வீடியோவில் அழைத்தார். தவமலருக்கே சொல்லியாகிவிட்டது, சொல்ல வேண்டியவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நான் வரேலாதடா."

"சரி, வாற வருசம் பாப்பம்."

"எந்த வருசமும் இல்லை." கமெராவைத் திருப்பிக் கையில் ஏறிய குழாய்களைக் காட்டினார். "நீ போ. எனக்காக நிக்காதை."

கதிர்காமு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு கத்தினார். "என்னட்டையுமாடா மறைச்சனி? நான் ஆரடா உனக்கு?" தொலைபேசி அணைந்தது. கோணேசன் முகத்தை மறுபக்கம் திருப்பி அழுதார். போக முடியாததைவிட இதுதான் அவருக்கு வலித்தது.

விஷயம் காதுக்கு எட்டியும் நிறோஷினியின் மாப்பிள்ளை வீட்டார் பயந்து ஓடவில்லை; விமலராணிக்குத்தான் அதை நம்பச் சில நாட்கள் பிடித்தன. கதிர்காமுவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு டயாலிசிஸ் காலையில் அழைப்பு வந்தது. திரையில் கதிர்காமு இல்லை. வண்டியின் முன்கண்ணாடிக்கு வெளியே, அடிவானம் வரை ஒரு கோடாய்ப் போகும் தார் ரோடு, இரு பக்கமும் சிவப்பு மண்.

"கூரையில சட்டலைட் அன்டெனா பூட்டியிருக்கிறன், படம் நிக்காது," என்றது குரல். "நீ கதிரையில இருக்கிற நேரம் மட்டும்தான் ஓடுவன். ஊசியைக் கழட்டின உடன நிப்பாட்டிப் போடுவன். சொல்லு, எப்பிடி ஓட?"

"மெல்ல ஓடு," என்றார் கோணேசன்.

அன்றிலிருந்து ஓடினார்கள். ஓரிரு நாளில் முடிக்கக்கூடிய பாதை கிழமைக்கணக்கில் நீண்டது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கதிர்காமு நின்ற இடத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருந்தார். ஒரு காலையில், அங்கே வெயில் சாயும் நேரம், தூரத்தில் வெள்ளை வெள்ளையாய் மண் குவியல்கள் தெரிந்தன. சுரங்கக் குழிகளில் இருந்து அள்ளிக் கொட்டியவை.

"கூபர் பீடியடா!" என்று கத்தினார் கதிர்காமு.

அப்போது பார்த்து மெஷின் மணி அடித்தது. தாதி ஊசியைக் கழற்ற வந்தாள். எப்போது முடியும் என்று எல்லோரும் மணிக்கூட்டையே பார்த்திருக்கும் அறை அது. கோணேசன் மறு கையால் அவளை மெல்ல மறித்து, டேனிஷில் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?"