சவரியப்பன் எண்ணெய் ஊற்றிய ஃபில்டர்

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைக்குப் போகும் சாலையோரம் சவரியப்பன் பட்டறை தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் பதினெட்டு ஆண்டுகள் அவர் கைபட்டவை பெரும்பாலும் டிராக்டர்கள். கரும்பு லோடுடன் வழியில் நின்றுபோன டிராக்டரைச் சத்தத்தை வைத்தே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கார்கள் பின்னால்தான் வந்தன; அவற்றையும் அதே காதோடும் கையோடும் பழகிக்கொண்டார்.

பட்டறையில் ஒரு நீள நோட்டு உண்டு. தேதி, வண்டி எண், குறை, செய்த வேலை என நான்கு பத்திகள். அந்த நோட்டும், சவரியப்பன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னவையுமே இங்கு எழுதப்படுவதற்கு ஆதாரம்.

2023 ஜூன் 12. செவிலியர் ஜெயசுதாவின் டீசல் கார் பட்டறைக்கு வந்தது. மலைமேல் உள்ள சுகாதார நிலையத்துக்கு அவர் இரண்டு ஆண்டுகளாக அதைத் தாமே ஓட்டிப் போய்வந்தார். அவருடைய கணவர் சுபாஷ் புதிய ஏர் ஃபில்டர் ஒன்றை இணையத்தில் வாங்கியிருந்தார். மலையில் இழுவை கூடும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கம்பெனி பொருத்தி அனுப்பிய ஃபில்டர் காகிதத்தால் ஆனது. மூடிய கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது. வண்டியின் முன்முகத்திலிருந்து ஒரு குழாய் வெளியின் குளிர்ந்த காற்றை அந்தப் பெட்டிக்குக் கொண்டுவரும். புதியதற்குப் பெட்டி இல்லை. கூம்பு வடிவில், எஞ்சின் சூட்டுக்கு நடுவே திறந்தபடி நிற்கும். பருத்தித் துணியால் ஆன அதன் மடிப்புகளில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

அந்தப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்த கணத்தில்தான் தவறு நேர்ந்தது. பழைய டிராக்டரின் ஏர் ஃபில்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும்; காற்றோடு வரும் புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் காய்ந்திருந்தால் வண்டிக்காரனைத் திட்டுவது சவரியப்பன் வழக்கம். ஆகவே இந்தக் கூம்புக்கும் எண்ணெய் போதவில்லை என்று முடிவு செய்தார். எஞ்சின் ஆயிலில் நன்றாகத் தோய்த்து, உதறி, மாட்டினார். அட்டைப்பெட்டியில் இருந்த ஆங்கிலத் தாளை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கழற்றிய பழைய பெட்டியை வண்டி எண் எழுதிப் பரண்மேல் வைத்தார்.

ஜூலை 3 அன்று ஜெயசுதா திரும்பி வந்தார்.

"அண்ணே, அந்த ஃபில்டர மாட்டனதுலேர்ந்துதான் இப்படி. மூணாவது வளைவுல இழுக்கவே மாட்டேங்குது. நேத்து நின்னே பூடுச்சு. பின்னால பஸ்ஸு. கண்டக்டர் எறங்கி வந்து சக்கரத்துக்குக் கல்லு வெச்சாரு."

சவரியப்பன் அணை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். சமதளத்தில் வண்டி குறையின்றி ஓடியது. எதிரே அய்யனாரின் டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கையைத் துடைத்தபடி, அவர்களுக்கும் கேட்கும்படியே பேசினார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஊசி போடற மாதிரி பாத்துப் பாத்து அழுத்துனா அது எப்படி ஏறும்?"

"வண்டிக்கு வலிக்கக் கூடாதுன்னு அழுத்தறாங்க போல, சவரி!" என்றார் அய்யனார். கடை முழுவதும் சிரித்தது.

"ரெண்டு வருசமா இதே வளைவுலதான் போய்க்கினு வந்துக்கினு இருக்கேன்," என்றார் ஜெயசுதா.

"ரெண்டு வருசமா வண்டி உங்கள பொறுத்துக்கினு இருந்துச்சு சிஸ்டர்."

மறுபடியும் சிரிப்பு. ஜெயசுதா வண்டியை எடுத்துப் போனார். நோட்டில் அன்றைய பதிவு: "வண்டியில் குறை இல்லை. ஓட்டும் முறை."

அந்தப் பேச்சு ஜெயசுதாவுக்கு முன்னால் அவர் வீடு போய்ச் சேர்ந்தது. சுபாஷ் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஜெயசுதா விடியலில் எழுந்து பஸ்ஸில் மலையேறினார். பஸ் தவறிய நாட்களில் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அதான் சேஃப்டி சிஸ்டர்," என்று சவரியப்பன் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

செப்டம்பர் நடுவில் சவரியப்பனின் மகள் ஷைனி, கல்லூரிப் பொருட்களைப் போட்டுவைக்கப் பட்டறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே இருந்த ஆங்கிலத் தாளைப் படித்து, அப்பாவுக்குப் பொருள் சொன்னாள். ஃபில்டரில் ஏற்கெனவே எண்ணெய் தடவப்பட்டுள்ளது. மேலும் ஊற்றக் கூடாது. மிகுதியானால் எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கும் சென்சாரில் படியும்.

"நீ ஊத்துனியாப்பா?"

"இல்லியே," என்றார் சவரியப்பன். மகளிடம் அவர் யோசிக்காமல் சொன்ன பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயசுதா வீட்டுக்குப் போய், சும்மா பார்ப்பதாகச் சொல்லி பானெட்டைத் திறந்தார். சென்சாரைக் கழற்றினார். முடியைவிட மெல்லிய அதன் கம்பியில் எண்ணெயும் புழுதியும் பசைபோல் படிந்திருந்தன. அதனால் அது காற்றைக் குறைத்து அளந்தது; அந்த அளவை நம்பிய வண்டி டீசலைக் குறைத்துக்கொண்டது. சமதளத்தில் அது தெரியவில்லை. ஏற்றத்தில் வண்டி நின்றது.

"இன்னாண்ணே இருக்குது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். பட்டறையில வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

சென்சாரைக் கழுவி உலர்த்தினார்; பரண்மேல் இருந்த கம்பெனிப் பெட்டியை இறக்கிப் பழையபடி மாட்டினார். தனியாக மலையேறிப் பார்த்தார். எல்லா வளைவுகளிலும் வண்டி தடையின்றி ஏறியது. அத்தோடு பேசாமல் விட்டிருக்கலாம். சிஸ்டருக்கு ஒருவழியாக ஓட்ட வந்துவிட்டது என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று நாட்கள் அந்த எண்ணத்தோடுதான் இருந்ததாக அவரே சொன்னார்.

செப்டம்பர் 20 காலையில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைக் கையில் வைத்தபடி நடந்ததைச் சொன்னார். ஜெயசுதா முழுவதும் கேட்டார்.

"இத இன்னாத்துக்கு எங்க வூட்டு வாசல்ல சொல்றீங்க? கடைக்கு எதிர்ல நின்னுதான சொன்னீங்க, எனக்கு ஓட்டத் தெரியலன்னு? அங்க வந்து சொல்லுங்க."

இருவரும் காரில் போனார்கள். சவரியப்பன்தான் ஓட்டினார். டீக்கடை முன் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கினார்.

"ஜூலையில சிஸ்டருக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னேன் இல்ல. அது பொய்யி. டிராக்டருக்கு ஊத்தற மாதிரி எண்ணெய ஊத்தி, வண்டிய கெடுத்தது நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அய்யனார் கல்லாவை விட்டு எழுந்துவந்து அவர் தோளைத் தட்டினார்.

"இந்தக் காலத்துல எவன்யா தன் தப்ப ஒத்துக்கறான்? சவரி, உனக்கு ரொம்ப பெரிய மனசுடா."

"இவன் கையில கண்ண மூடிக்கினு வண்டிய வுடலாம்," என்றார் இன்னொருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். காருக்குள் இருந்த ஜெயசுதாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயசுதா இறங்கி, சுற்றி வந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"கேட்டீங்களாண்ணே? எனக்குப் பதினோரு வாரம் போச்சு. உங்களுக்கு நல்ல பேரு வந்துடுச்சு."

"சிஸ்டர், நான் வேணும்னு…"

"தெரியும். சாவிய குடுங்க."

கொடுத்தார். கார் மலைப்பக்கம் திரும்பிப் போயிற்று. சாலையில் நின்ற சவரியப்பனை அய்யனார் அழைத்து, பாலைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றிய டீ ஒன்றை நீட்டினார். காசு வேண்டாம் என்றார்.

எண்ணெய் ஊற்றியதையும், மகளிடம் பொய் சொன்னதையும், பஸ் நிறுத்தத்தில் கேலி செய்ததையும் சவரியப்பன் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் குனிந்துகொண்டார். அந்த டீயை வாங்கி, அவர்களோடு நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தாராம்.