செத்தவர்களை எழுப்பிய தண்ணீர்

அந்தத் தண்ணீர் எப்படி ருசித்தது என்று கேட்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? கரட்டு மண்ணும் பழைய மண்குடத்துப் பாசியும் கலந்த ஒரு வாசனை நாக்கில் ஒட்டியது, போதுமா? வீரர்கள் கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். கத்தி எத்தனை முழம், குதிரை என்ன நிறம் என்றெல்லாம் கேட்பீர்கள். தண்ணீர் யார் கொடுத்தது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எடப்பாடிக்குத் தெற்கே, ஒரு கரட்டடியில், மொட்டைப் பாறைக் குன்றின் காலடியில் எங்கள் ஊர். ஊர்ச் சாமிகள் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். களவு போன மாடுகளை மீட்கப் போய், சண்டையில் செத்து விழுந்தார்களாம். அவர்களுடைய தங்கச்சி ஒற்றை ஆளாகக் கரடு ஏறி, உச்சிச் சுனையில் தண்ணீர் மொண்டு வந்து தெளித்து எழுப்பினாளாம். கோயிலில் அண்ணனுக்கு ஒரு குதிரை, தம்பிக்கு ஒரு குதிரை. ஏறி இறங்கிய தங்கச்சிக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. கடல் கடந்த தேசங்களிலும் சாகாத் தண்ணீர் தேடி வீரர்கள் போன கதைகள் உண்டென்று பேத்தி படித்துச் சொல்கிறாள். அங்கேயும் குடம் சுமந்தவளுக்குக் குதிரை இல்லையாம். உலகம் பூராவும் எங்கள் ஊர்தான் போலிருக்கிறது.

மாசித் திருவிழாவில் இந்தக் கதையை அப்படியே நடத்துவார்கள். அதற்குப் "படுகளம்" என்று பேர். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அருள் வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் களத்தில் சாய்வார்கள்; சாய்ந்தவர்களை வெள்ளை வேட்டியால் மூடிவிடுவார்கள். வயசுக்கு வராத ஒரு சிறுமி தங்கச்சியாக நின்று, சுனைத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருஷம் மழை இல்லை. எனக்குப் பத்து வயது. குடம் என் தலைக்கு வந்தது.

முதலில் சாய்ந்தவன் என் அண்ணன் பழனி. பல் கிட்டி, கண் மேலே செருகிக் கிடந்தான். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பூசாரி பித்தளைக் குடத்தை என் கையில் கொடுத்து, "பொழுது உச்சிக்கு வாரதுக்குள்ள வந்து சேரோணும் சாமி. இல்லீன்னா உங்கொண்ணன் எந்திரிக்க மாட்டான்" என்றார். அந்த அழுகையும் அந்தப் பேச்சும் வருஷா வருஷம் நடக்கிற சடங்குதான். அதை எனக்கு ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா? அண்ணன் செத்தே போய்விட்டான் என்று நம்பிக்கொண்டு, முள்ளும் கல்லும் பார்க்காமல் நான் ஓடினேன்.

சுனை வற்றிக் கிடந்தது. அடியில் வெடித்த சேறு, காய்ந்த தவளை ஒன்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே கரட்டின் மறுபக்கம் இறங்கினேன். அங்கே ஓடைப் பள்ளத்து மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள் கருப்பாயி. அவள் சேரிக்காரி. ஊர்க் கிணற்றை அவர்கள் தொடக் கூடாது. யாராவது மனம் இரங்கி இறைத்து ஊற்றும்வரை எட்டி நிற்க வேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து அங்கே தோண்டிக்கொண்டிருந்தாள்.

"கருப்பாயி, தண்ணி ஊத்து!" என்றேன். என் அம்மா வயதுக்காரியைப் பேர் சொல்லி அதட்டத்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

"சாமிக்கா அம்முணி? என்ற குடத்துத் தண்ணி ஆவாதே."

"எங்கண்ணன் செத்துக் கெடக்கறான்" என்று கத்தினேன்.

அவள் பொழுதைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தோடு குடம் படாமல் உயரத் தூக்கிப் பிடித்து, காலையிலிருந்து சேர்த்ததைச் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள்.

"ஓடு சாமி. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே. அவங்க எந்திரிச்சுப்போடுவாங்க, என்னையப் படுக்க வெச்சுப்போடுவாங்க."

வழியில் தளும்பி உதட்டில் வழிந்ததை நக்கினேன். நீங்கள் கேட்ட ருசி அதுதான்.

தெளித்ததும் பழனி கண் திறந்தான். ஊரே குலவையிட்டது. ஆளாளுக்கு உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்கள். எஞ்சியதை அம்மா சாமி மூலையில் மூடி வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், மாடு தீனி எடுக்கவில்லை என்று யார் வந்தாலும் அரைக் கரண்டி கொடுப்பாள். "என்ன இருந்தாலும் சொனைத் தண்ணி சொனைத் தண்ணிதானுங்க" என்று பக்கத்து வீட்டார் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள், கிணற்றடியில் கருப்பாயி குடத்தோடு நின்றாள். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன் பழனி. "அக்கட்டால போ! தண்ணி தீட்டாயிப்போவும்" என்று சாட்டையை ஓங்கினான். நீ எழுந்ததே இவள் தண்ணீரில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடி அவளுக்கு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெறும் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சாட்டையை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அதைவிட, வாயை மூடிக்கொண்டு நின்றாளே அந்தப் பத்து வயதுச் சிறுக்கி, அவள் காதைப் பிடித்துத் திருகவேண்டும் போலிருக்கிறது.

சித்திரையில் கருப்பாயி குடும்பம் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக மலையேறி ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போனது. திரும்பவே இல்லை.

இப்போது கரட்டில் பாதியை ஜல்லியாக உடைத்து ரோட்டில் கொட்டிவிட்டார்கள். சுனை இருந்த இடத்தில் வெறும் ஆகாயம் இருக்கிறது. படுகளத்துக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் இறைத்தது என்று எவனாவது கேட்கிறானா? தீட்டு, தீட்டு என்று குரைத்த வாயெல்லாம் லாரியைக் கண்டதும் எங்கே போயிற்று? குதிரைகளுக்கு மட்டும் வருஷம் தவறாமல் புதுச் சாயம் பூசுகிறார்கள்.

கருப்பாயி மலையேறிய மறுநாளே, இனி எவன் கையும் அவளை எட்டாது என்று தெரிந்ததும், நான் வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு தீர்த்தம் கேட்டு வந்திருந்தார்கள். குடம் தீர்ந்துவிட்டது என்று அம்மா கையை விரித்தாள். "அய்யோ, இனி எப்பக் கெடைக்குமுங்க?" என்று அவர்கள் அங்கலாய்த்தபோது, நான் வாசலை மறித்து நின்று சொன்னேன்:

"இனிக் கெடைக்காதுங்க. அது சொனைத் தண்ணி இல்லீங்க, கருப்பாயி குடத்துத் தண்ணி. எங்கண்ணன் எந்திரிச்சதும் அதுலதான், நீங்கெல்லாம் குடிச்சதும் அதுதான். தீட்டுன்னு நெனைக்கறவங்க திரும்பப் போயிக் களத்துல படுத்துக்கங்க. இந்தத் தடவ நான் தண்ணிக்குப் போகமாட்டேன்."